பல பெட்டிகளிலிருந்து ஒரு விமானம்: மிக்-21 எஃப்.எல். மாதிரி கட்டும் முறை

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளின் பாகங்களைச் சேர்த்து, எந்த ஒரு பெட்டியிலும் முழுமையாக இல்லாத மாதிரியைக் கட்டுவது கிட்பாஷிங் எனப்படும். 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் விண்கலங்கள் பலவற்றில் கடைகளில் வாங்கிய டாங்கி, விமான மாதிரிகளின் பாகங்களே ஒட்டப்பட்டிருந்தன. அது கற்பனைக்கான கலப்பு. உண்மையில் பறந்த ஒரு விமானத்தைச் சரியாகக் காட்டுவதற்காகப் பாகங்களைக் கலப்பது வேறு வகை. இதில் கற்பனைக்கு இடம் குறைவு, அளவுகோலுக்கு வேலை அதிகம். இந்தியர்களுக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மிக்-21 எஃப்.எல்.

முழு அளவிலும் இப்படி நடந்ததுண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களின் நடுவிலிருந்து தயாரித்த விஜயந்தா டாங்கி பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. பின்னாளில் அந்த டாங்கியின் அடிப்பாகத்தை நீட்டி, அதன்மேல் சோவியத் நாட்டின் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி ‘கேட்டபல்ட்’ என்ற தானியங்கு பீரங்கி வண்டி உருவாக்கப்பட்டது. பிரிட்டிஷ் உடலில் ரஷ்யக் குழல்! கிட்பாஷிங் என்றால் என்ன என்று ஆவடி மாணவருக்கு விளக்க இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது.

பெட்டியில் ஏன் இல்லை?

இதற்கான விடையை அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எந்த பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையிலும் கேட்டறியலாம். 1964-இல் தொடங்கிய அப்பேட்டையில் வாளி மூடி முதல் வாகன உதிரி வரை பல பொருள்கள் வார்க்கப்படுகின்றன. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்திக் குளிரவைப்பதே முறை. பிளாஸ்டிக் விலை குறைவு. அச்சுதான் விலை. ஓர் அச்சைக் கடைந்து முடித்தபின் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். மாதிரி நிறுவனங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. உலகம் முழுவதும் விற்கும் வகைக்கு அச்சு செய்வார்கள். ஒரு நாடு மட்டும் பெரிதும் பயன்படுத்திய வகைக்கு எப்போதாவது செய்வார்கள், அல்லது செய்யவே மாட்டார்கள்.

எஃப்.எல். அப்படிப்பட்ட வகை. மிக்-21 இந்தியாவுக்கு முதலில் வந்தது 1963-இல். எஃப்.எல். வகையை 1960-களின் பிற்பகுதியிலிருந்து எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று நாசிக்கில் உருவாக்கியது. 1971 போரில் பெரும் பங்காற்றிய இவ்வகை, 2013 டிசம்பர் 11 அன்று கலைக்குண்டா தளத்தில் ஓய்வு பெற்றது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 குடும்பம் முழுவதுமே விடைபெற்றுவிட்டது. இனி இவ்விமானத்தை வானில் பார்க்க முடியாது. அடுத்த தலைமுறை பார்க்கப்போவது படங்களையும், காட்சிக்கு நிறுத்திய சில உடல்களையும், மேசைமேல் உள்ள மாதிரிகளையும்தான். மாதிரி தவறாக இருந்தால் அந்தத் தவறே நினைவாகத் தங்கிவிடும்.

எந்தப் பாகம் எதிலிருந்து?

மிக்-21 வகைகள் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது: விமானியின் கண்ணாடி மூடி, முதுகுத் தண்டு, செங்குத்து வால். பி.எஃப். வகையில் கண்ணாடி மூடி ஒரே துண்டாக முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். பிறகு வந்த பி.எஃப்.எம். வகையில் முன்கண்ணாடி தனியாக நிற்க, மூடி பக்கவாட்டில் திறக்கும், வால் அகலமானது, தரையிறங்கும்போது விரியும் பாராசூட்டின் உறை வாலின் அடியில் உருளையாக நீட்டிக்கொண்டிருக்கும். இந்திய எஃப்.எல். விமானத்துக்கு முன்பக்கம் பி.எஃப். போலவும் வால் பி.எஃப்.எம். போலவும் இருக்கும். ஆகவே பி.எஃப். பெட்டியின் உடல், மூடி, இறக்கை ஆகியவற்றுடன் பி.எஃப்.எம். பெட்டியின் வாலைச் சேர்க்க வேண்டும். இறக்கையை மாற்றக் கூடாது. பி.எஃப்.எம். வகையின் மடிப்புத் தகடுகளில் எஞ்சினிலிருந்து காற்று ஊதும் ஏற்பாடு இருந்தது, எஃப்.எல். வகையில் அது இல்லை.

கடையில் எளிதாகக் கிடைப்பது எம்.எஃப். பெட்டி. அதன் வாலைப் பயன்படுத்தத் தோன்றும். ஆனால் அதன் முதுகுத் தண்டு பருமனானது. வாலின் அடிப்பகுதி மெலிந்த தண்டில் உட்காராது. பி.எஃப்., பி.எஃப்.எம். இரண்டுக்கும் தண்டு மெலிந்தது என்பதால்தான் அந்த ஜோடி பொருந்துகிறது.

அளவு விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். 1/72 என்பது ஆறு அடியை ஓர் அங்குலமாக்கும் பழைய கணக்கு. மிக்-21 இறக்கையின் முழு அகலம் 7.15 மீட்டர், 1/72 அளவில் அது 99 மி.மீ., 1/48 அளவில் 149 மி.மீ. பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்த வகுத்தல்தான். ஒரே விகிதம் என்று அச்சிட்ட இரு நிறுவனங்களின் பாகங்களிலும் ஒரு மி.மீ. வேறுபாடு வரலாம். 1/72 அளவில் ஒரு மி.மீ. என்பது உண்மை விமானத்தில் 72 மி.மீ., ஏறக்குறைய ஒரு கையின் அகலம். வெர்னியர் அளவி கையில் இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது.

வெட்டும் ஒட்டும்

வாலைத் தகட்டுக் கோட்டின் மீதே வெட்டுவது நல்லது. உண்மை விமானத்திலேயே அங்கே ஒரு கோடு இருப்பதால் இணைப்புத் தழும்பு அதில் மறைந்துவிடும். கோட்டிலிருந்து அரை மி.மீ. தள்ளி வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கோட்டுக்கு வர வேண்டும். கூடுதலாக உள்ளதைத் தேய்க்கலாம். குறைந்துவிட்டதை வளர்க்க முடியாது. இரு உடற்பாதிகளையும் ஒட்டி உலர்ந்த பின்னரே வாலைப் பொருத்த வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது வால் இறக்கைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். கோணலான வாலைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

மாதிரிகளுக்கான பிளாஸ்டிக் சிமெண்ட் உண்மையில் பசை அன்று. அது பாலிஸ்டைரீனைச் சற்றே கரைக்கிறது. இரு பரப்புகளும் கரைந்து கலந்து ஒன்றாகின்றன. ஆதலால் எந்த நிறுவனத்தின் பாலிஸ்டைரீன் பாகமும் மற்றொன்றுடன் சேரும். ரெசின் பாகத்தையோ முப்பரிமாண அச்சுப் பாகத்தையோ அது கரைக்காது. அவற்றுக்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைதான். பெயிண்ட் படிந்த பரப்பிலும் சிமெண்ட் பிடிக்காது, சுரண்டிவிட வேண்டும். இடைவெளிக்குப் பட்டி போட்டுத் தேய்ப்பது டிங்கரிங் கடையில் கார் கதவுக்குச் செய்யும் அதே வேலை, அளவில்தான் சிறியது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டு ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். சிமெண்டின் ஆவியும் அப்படியே. சன்னல் திறந்திருக்கட்டும், சிறு பிள்ளைகள் தனியே செய்ய வேண்டாம்.

எந்த நாளின் விமானம்?

ஆயுதங்களைப் பொருத்துவதற்குமுன் ஒரு தேதியை முடிவு செய்துகொள்வது வசதி. எஃப்.எல். வகைக்கு உடலுக்குள் துப்பாக்கி கிடையாது. ஜி.பி.-9 என்ற உறையில் இரட்டைக்குழல் 23 மி.மீ. துப்பாக்கியை வயிற்றின் அடியில் தொங்கவிட்டார்கள். 1971 டிசம்பர் 12 அன்று கட்ச் வளைகுடாவின் மேல் பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தை வீழ்த்தியது மிக்-21 எஃப்.எல். இரண்டு நாள் கழித்து டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21 விமானங்கள் 57 மி.மீ. ராக்கெட் உறைகளைச் சுமந்து சென்றன. துப்பாக்கி உறையும் நடு எரிபொருள் தொட்டியும் ஒரே இடத்தில் மாட்டுபவை. பெட்டியில் இரண்டும் இருக்கிறதே என்று இரண்டையும் ஒட்டினால் அப்படி ஒரு விமானம் பறந்ததே இல்லை.

வண்ணம் தனிக்கதை. வெள்ளிநிற உலோகப் பரப்புடன் வந்த இவ்விமானங்களுக்குப் போர்க்காலத்தில் படைத்தளங்களிலேயே அவசரமாகப் பச்சை உருமறைப்பு பூசப்பட்டது. ஒன்றின் கோலம் மற்றொன்றில் இல்லை. ஆகவே பொதுவான வண்ணப்படத்தை நம்பாமல், தேர்ந்த ஒரே விமானத்தின் ஒளிப்படத்தைப் பின்பற்ற வேண்டும். அதற்காக ஆவடி விமானப்படை நிலைய வாசலில் கைப்பேசியைத் தூக்க வேண்டாம்; பாதுகாப்புப் பகுதிகளைப் படமெடுக்கத் தடை உண்டு. நூல்களிலும் இணையத்திலும் 1971 படங்கள் போதுமான அளவு உள்ளன.

சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லேக்கர் வகைப் பூச்சை அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மூட்டம் போட்டுவிடும். மே மாதத்திலோ துளிகள் பரப்பைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும். தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறுமுன் காலையில் அடிப்பது உத்தமம். இறுதியாக ஒட்டும் வட்டச் சின்னத்தில் வெளிவளையம் காவி, நடு வட்டம் பச்சை, இடையில் வெள்ளை. அயல்நாட்டு டெக்கால் தாள்களில் காவி சிவப்பாகவோ மஞ்சளாகவோ மங்கிவிடுவதுண்டு. ஒட்டுமுன் ஒளிப்படத்துடன் ஒப்பிட்டு, வேறுபட்டால் வேறு தாள் வாங்கலாம், அல்லது வளையத்தைக் கையாலேயே தீட்டிவிடலாம். மாதிரியின் அடியில் விமான எண்ணையும், எந்தெந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பாகம் வந்தது என்பதையும் சிறிதாக எழுதி ஒட்டிவைப்பது பின்னால் பார்ப்பவர்களுக்கு உதவும்.