ரயில் தாமதம், காத்திருந்தாள் சிறுமி! பிரிவைச் சொல்லும் ஜப்பானியச் சித்திரப் படம்

கார்ட்டூன் படம் என்றதும் பூனை எலியைத் துரத்துவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். குழந்தைகளைத் தியேட்டரில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் டீ குடிக்கப் போய்விடலாம் என்பது எண்ணம். ஆனால் ஊரையும் உறவையும் விட்டுப் பிழைப்புக்காக வேறிடம் போனவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சித்திரப் படம் ஒன்று ஜப்பானில் உண்டு. 2007 மார்ச்சில் திரைக்கு வந்த அந்தப் படத்தின் பெயர் 'வினாடிக்கு 5 சென்டிமீட்டர்'.

பெயர் விசித்திரமாக இருக்கிறது அல்லவா? செர்ரிப் பூவின் இதழ் உதிர்ந்து தரைக்கு வரும் வேகம் அது என்று படத்தில் ஒரு சிறுமி சொல்கிறாள். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. கம்பெனிகளில் புதியவர்கள் சேருவதும் பெரும்பாலும் ஏப்ரலில்தான். டோக்கியோவில் செர்ரி பூத்து உதிர்வதும் அதே நாட்களில். ஆகவே அந்தப் பூவைக் கண்டால் ஜப்பானியருக்குப் பழைய இடத்தில் விடைபெற்றதும் நினைவுக்கு வரும். புது இடத்தில் கால் வைத்ததும் நினைவுக்கு வரும்.

படத்தில் மூன்று சிறு கதைகள். மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

பனியில் நின்ற ரயில்

தகாகி என்ற பையனும் அகாரி என்ற பெண்ணும் டோக்கியோவில் ஒரே வகுப்பு. அப்பாக்களின் மாற்றலால் பள்ளி மாறி வந்த பிள்ளைகள் இருவரும். தொடக்கப் பள்ளி முடிந்ததும் அகாரியின் குடும்பம் தொச்சிகி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. பிறகு கடிதம்தான். அடுத்து தகாகியின் குடும்பத்துக்கும் மாற்றல், தெற்குக் கோடிக்கு. போகுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று 13 வயதுப் பையன் தனியாகப் புறப்படுகிறான். 1995 மார்ச் மாதம்.

வண்டி நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான். ஷிஞ்ஜுகு, ஓமியா, ஓயாமா என்று மூன்று நிலையங்களில் வண்டி மாற வேண்டும். மாலை 7 மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. ஆனால் கடும் பனி. ஒரு வண்டி தாமதமானால் இணைப்பு வண்டியும் தாமதம். ஓயாமா பிளாட்பாரத்தில், அவளுக்கென்று எழுதி வைத்திருந்த கடிதம் காற்றில் பறந்துபோகிறது. அதற்குப் பிறகு ஏறிய வண்டியோ வெட்டவெளியில் மணிக்கணக்காக நின்றுவிடுகிறது. தகவல் சொல்லப் பையனிடம் போன் கிடையாது. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று அவனே வேண்டிக்கொள்கிறான்.

இவாஃபுனே என்ற சின்ன ஸ்டேஷனில் அவன் இறங்கும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. வெயிட்டிங் ரூமில் அடுப்பருகே தலை குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள் அகாரி, கையால் சமைத்த சாப்பாட்டுப் பொட்டலத்துடன்! மறுநாள் காலை அவன் ரயில் ஏறுகிறான். அவளும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள், கொடுக்கவில்லை.

தீவும் ராக்கெட்டும்

இரண்டாம் கதை தானேகாஷிமா தீவில். ஜப்பானின் ராக்கெட் ஏவுதளம் உள்ள இடம் அது. உடன் படிக்கும் கானாயே என்ற பெண்ணுக்குத் தகாகி மீது ஆசை. அவனோ யாருக்கும் அனுப்பாத செய்திகளைச் செல்போனில் எழுதி எழுதி அழிக்கிறான். ராக்கெட்டைச் சுமந்த பெரிய வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது. பிறகு ஒரு மாலையில் அது வானத்தைப் பிளந்துகொண்டு கிளம்புகிறது. அண்ணாந்து பார்த்த அந்தக் கணத்தில் கானாயேவுக்குப் புரிகிறது: இவன் பார்வை தன்னைத் தாண்டி எங்கோ தொலைவில் இருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீடு திரும்புகிறாள்.

லெவல் கிராஸிங்கில்

மூன்றாம் கதையில் தகாகி டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞன். மூன்றாண்டு பழகிய பெண், ஆயிரம் செய்திகள் பரிமாறியும் மனத்தளவில் ஒரு சென்டிமீட்டர் அளவுதான் நெருங்கியிருப்போம் என்று எழுதிப் பிரிகிறாள். அவன் வேலையையும் விட்டுவிடுகிறான். அகாரிக்கோ வேறொருவருடன் திருமணம் நிச்சயம். பெற்றோரிடம் விடைபெற்று அதே இவாஃபுனேயில் ரயில் ஏறுகிறாள்.

ஒரு வசந்த நாளில் ரயில்வே கேட்டைக் கடக்கும்போது எதிரே வந்த பெண் அவள்தானோ என்று தகாகி திரும்புகிறான். இடையே இரண்டு ரயில்கள் கடந்துபோகின்றன. கடைசிப் பெட்டியும் போன பிறகு அங்கே யாரும் இல்லை. அவன் லேசாகப் புன்னகைத்துவிட்டுத் தன் வழியே நடக்கிறான். படம் அவ்வளவுதான்.

படைத்தவர்

இயக்குநர் மகோதோ ஷின்காய் 1973ல் மலை சூழ்ந்த நாகானோ மாவட்டத்தில் பிறந்தவர். படிக்க டோக்கியோ வந்து, கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 2002ல் 25 நிமிடப் படம் ஒன்றை ஏறக்குறையத் தனியாளாகவே கம்ப்யூட்டரில் வரைந்து முடித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இவரது படம் ஒன்று 2019ல் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது.

இந்தப் படத்தில் வில்லன் கிடையாது. தடை சொல்லும் தகப்பன் கிடையாது. மாற்றல் உத்தரவு, தூரம், தாமதமான ரயில் இவைதான் இருவரையும் பிரிக்கின்றன. அந்தப் புன்னகையைத் தோல்வி என்று வருந்துவோரும் உண்டு. ஆனால் அவன் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்ததை அந்தக் கேட்டில்தான் இறக்கி வைக்கிறான். அவள் அன்று நள்ளிரவு வரை காத்திருந்தது வீணாகிவிடவில்லை. இனி அவன் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவே.