ரோபோவுக்கு நாம் யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

2021 செப்டம்பரில் சிங்கப்பூரின் தோ பாயோ சென்ட்ரலுக்குச் சென்றவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருக்கலாம். சேவியர் என்ற இரண்டு ரோபோக்கள் மூன்று வாரங்களுக்குச் சோதனை முறையில் அங்கே சுற்றி வந்தன. தடைசெய்யப்பட்ட இடத்தில் புகைபிடித்தல், சைக்கிளைத் தவறாக நிறுத்துதல், கொவிட் காலத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடுதல் போன்றவற்றைக் கேமரா மூலம் கண்டறிந்து கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவிப்பது அவற்றின் வேலை.

காய்கறிப் பையுடன் ஒரு பாட்டி அந்த ரோபோவைக் கடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோபோவுக்கு அவர் யார்? முதலாளியா, வாடிக்கையாளரா, கண்காணிக்கப்படுபவரா? மனிதருக்கும் ரோபோவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர்கள் இத்தகைய கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்களான ஹாலி யாங்கோ, ஜில் டிரூரி இருவரும் இந்தத் தொடர்பை வகைப்படுத்த ஓர் அட்டவணை வகுத்து, 2004இல் அதை விரிவுபடுத்தினர். ரோபோ செய்யும் வேலை என்ன? தவறு நேர்ந்தால் பாதிப்பு எவ்வளவு? அதன் உருவம் மனிதரைப் போன்றதா, விலங்கைப் போன்றதா, வேலைக்கேற்ற வடிவமா? ஒரு ரோபோவுக்கு எத்தனை மனிதர்? மனிதரும் ரோபோவும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா? ரோபோ எந்த அளவுக்குத் தானே இயங்குகிறது, மனிதர் எந்த அளவுக்குத் தலையிடுகிறார்? இப்படிப் பல கேள்விகள் அதில் உண்டு.

அறுவை சிகிச்சையில் பயன்படும் டா வின்சி கருவி, மருத்துவரின் கை அசைந்தால்தான் அசையும். வீட்டைக் கூட்டும் ரூம்பாவையோ முடுக்கிவிட்டு நாம் கடைக்குப் போய்விடலாம். இரண்டையும் ரோபோ என்றே அழைக்கிறோம். ஆனால் மனிதரின் பொறுப்பு இரண்டிலும் ஒன்றல்ல.

மனிதர் ஏற்கும் பங்கை மற்றோர் ஆய்வாளரான ஜீன் ஸ்கால்ட்ஸ் ஐந்தாகப் பிரித்தார்: மேற்பார்வையாளர், இயக்குபவர், உடன் வேலை செய்பவர், பழுது பார்ப்பவர், அருகில் இருக்க நேர்ந்தவர். முதல் நால்வரும் ரோபோவை அறிந்தவர்கள். ஐந்தாமவர் அப்படியல்ல. அவர் பயிற்சி பெறவில்லை. அவரிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை. நம் பாட்டி இந்த ஐந்தாமவர்தான்.

இவரை மறந்தால் என்ன ஆகும்? 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தானியங்கிக் கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அவர் உயிரிழந்தார். மேற்பார்வைக்காக ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் கவனம் கைத்தொலைபேசியில் இருந்தது. கணினியோ எதிரே வருவதை வாகனம் என்றும், வேறு பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்தது. பாதசாரிக் கடப்பு இல்லாத இடத்தில் சாலையைக் கடப்பவரை அந்த வடிவமைப்பு கருத்தில் கொள்ளவே இல்லை என்று 2019இல் விசாரணை அறிக்கை கூறியது. ஐந்தாமவருக்கு அங்கே இடமே இல்லை!

ஆகவே வகைப்படுத்துவது ஏட்டளவு வேலையன்று. யாரைக் கணக்கில் சேர்த்தோம், யாரை விட்டோம் என்பதை அது காட்டிக் கொடுக்கிறது.

உணவகத்திலும் மருத்துவமனையிலும் இன்று ரோபோக்களைப் பார்க்கிறோம். அவற்றை வரவேற்போம். கூடவே மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எதைப் பார்க்கிறது, எதைப் பதிவு செய்கிறது? என் வழியில் வந்தால் இதை நிறுத்துவது எப்படி? தவறு செய்தால் பதில் சொல்லும் மனிதர் யார்?

காய்கறிப் பையுடன் நடக்கும் பாட்டிக்கும் புரியும்படி இவற்றுக்குப் பதில் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அந்த ரோபோ நம்மிடையே நடமாடத் தகுதி பெறும்.