ஒளி விழுந்த இடம்தான் சுத்தம்

பினாங்கின் பாயான் பாருவில் கண்ணாடிக் கடைக்குப் போனால், கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்ப்பார்கள். அந்தக் கருவி கண்ணைத் தொடாது. கண் மருத்துவரிடம் இருப்பது வேறு. சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் 1950களில் வடிவமைத்த அக்கருவியின் முனை, கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பட்டு அழுத்தத்தை அளக்கிறது. அதே முனைதான் அடுத்தவர் கண்ணையும் தொடும். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் ‘மெட்ராஸ் ஐ’ கண்வலி பரவும். அதைப் பரப்பும் அடினோவைரஸ் உலர்ந்த பரப்பிலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இத்தகைய கருவிகளைச் சுத்தப்படுத்தும் வழிகளில் ஒன்று புறஊதா ஒளிப் பெட்டி. பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டி.என்.ஏ.வில் பட்டதும், அடுத்தடுத்துள்ள தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மரபுச் செய்தியைப் படியெடுக்க முடியாமல் கிருமி பெருகாது. ரசாயன எச்சம் இல்லாததால் கண் எரியாது.

பாதரசத்துக்கு மாற்றாக, அலுமினியம் காலியம் நைட்ரைடில் செய்த எல்.இ.டி.கள் 265 முதல் 280 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் தருகின்றன. எல்.இ.டி. என்பது பாயான் பாரு வட்டாரத்துக்குப் பழகிய தொழில். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு முதலில் வந்த நிறுவனங்களில், பின்னாளில் ஓஸ்ராம் ஆன லிட்ரோனிக்ஸும் ஒன்று.

ஆனால் இந்த ஒளிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, நிழலிலும் அழுக்குக்கு அடியிலும் அது வேலை செய்யாது. கண்ணீர்ப் படலம் காய்ந்திருந்தாலே கிருமிக்குக் குடை பிடித்ததுபோல் ஆகிவிடும். இரண்டு, அதற்கு மிகவும் அடங்காத வைரஸ்களில் ஒன்று அடினோவைரஸ். அதன் டி.என்.ஏ. இரட்டை இழை கொண்டது. ஓர் இழை சிதைந்தால், வைரஸ் புகுந்த மனித செல்லே மற்ற இழையைப் பார்த்துப் பழுதைச் சரிசெய்துவிடும். குடிநீருக்கான அமெரிக்க விதிகளில், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை 99.99 விழுக்காடு செயலிழக்கச் செய்யச் சதுர சென்டிமீட்டருக்கு 22 மில்லிஜூல் போதும். அடினோவைரஸை அடிப்படையாக வைத்து வைரஸ்களுக்கு விதித்த அளவோ 186.

அதனால் முனையை முதலில் கழுவித் துடைக்க வேண்டும். தொற்றுள்ளவரைத் தொட்ட முனையை, ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி உலர்த்துவதே நம்பகமான முறை. புறஊதா ஒளி கூடுதல் காவலே தவிர, கழுவுவதற்கு மாற்று அல்ல. அது நேரே பட்டால் நம் கருவிழியும் புண்ணாகும். பெட்டியைத் திறந்ததும் விளக்கு அணைய வேண்டும்.

அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும்போது, “முனையை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள்.