ஹைக்கூ: இன்னும் வராத முதல் பதிப்பு

ஹைக்கூ இயங்குதளத்தை எழுதும் வேலை 2001 ஆகஸ்ட்டில் தொடங்கியது. சோதனைப் பதிப்புகளாக முதலில் நான்கு ஆல்பாக்கள் வந்தன, பிறகு பீட்டாக்கள். ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வெளியானது. அடுத்த இலக்கான ‘ஆர்1’, அதாவது முதல் முழுப் பதிப்பு, எந்த நாளில் வரும் என்று அதை எழுதுகிறவர்கள் வாக்குக் கொடுப்பதில்லை. தயாரானதும் தருவோம் என்பதே அவர்கள் பேச்சு.

இதன் வேர், ஆப்பிளை விட்டு விலகிய ழான் லூயி கஸே 1990இல் தொடங்கிய ‘பீ’ நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே உருவான பீஓஎஸ் அன்றைய எளிய கணினியிலும் பல வீடியோக்களை ஒரே நேரத்தில் தடங்கலின்றி ஓட்டிக் காட்டியது. ஒவ்வொரு ஜன்னலும் தனித் திரெட்டாக இயங்கியதால், ஒரு வேலை தேங்கினாலும் மற்றவை அதற்காகக் காத்திருக்கவில்லை. 1996இல் புது இயங்குதளம் தேடிய ஆப்பிள் பீயுடன் பேசியது, விலை படியவில்லை. 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட்டை வாங்கியது. ஐந்தே ஆண்டுகளில் பீயின் சொத்துகள் வெறும் 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்தின் கைக்குப் போயின.

பீஓஎஸ்ஸின் மூலநிரல் பூட்டிக் கிடந்தது. அதை நேசித்தவர்கள் முதல் வரியிலிருந்து தாங்களே எழுதிவிடுவது என்று இறங்கினார்கள். அதுவே ஹைக்கூ. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு லினக்ஸை எடுத்துக்கொண்டிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். அவர்களோ பீயில் பணியாற்றிய டிராவிஸ் கைசல்பிரெக்ட்டின் நியூஓஎஸ் கர்னலைத் தேர்ந்தார்கள். கர்னல் முதல் மெனு வரை எல்லாமே மேசைக் கணினிக்காக, ஒரே குழுவின் கையால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. அந்தப் பிடிவாதத்தின் பலனைக் கோப்பு முறையில் காணலாம். டொமினிக் ஜியாம்பாலோ பீக்காக வடிவமைத்த முறையையே ஹைக்கூவும் தன் நிரலில் மறுபடி எழுதிக்கொண்டது. இதில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. அனுப்பியவர், தலைப்பு, தேதி எல்லாம் அந்தக் கோப்போடு ஒட்டிய பண்புகள். ஒருவரிடமிருந்து வந்த படிக்காத அஞ்சல்கள் வேண்டுமென்றால் கோப்பு முறையையே கேட்கலாம். புதிய அஞ்சல் வந்ததும் விடைப் பட்டியலில் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். ஜியாம்பாலோ பின்னர் ஆப்பிளுக்குப் போய் அங்கும் கோப்பு முறைகளில் உழைத்தார்.

2012இன் நான்காம் ஆல்பாவுக்கும் 2018இன் முதல் பீட்டாவுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள் ஓடின. சோம்பலால் அல்ல. மென்பொருள்களை நிறுவும் முறையையே அந்த இடைவெளியில் மாற்றி அமைத்தார்கள். இப்போது ஒரு மென்பொருள் பொதியை வட்டில் பிரித்துக் கொட்டுவதில்லை. மூடியபடியே இணைத்துக்கொண்டு, உள்ளிருப்பதை வாசிக்க மட்டும் விடுகிறார்கள். புதுப்பித்தல் சொதப்பினால், கணினி தொடங்கும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்து திரும்பிவிடலாம்.

இன்னொரு சுமையும் உண்டு. பழைய பீஓஎஸ் மென்பொருள்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக 32 பிட் பதிப்பு இன்றும் ஜிசிசி 2 என்ற காலாவதியான கம்பைலரைச் சுமக்கிறது. அதைப் புதிய கம்பைலரோடு ஒத்துப்போகச் செய்வது பெரும்பாடு. செய்கிறவர்களோ பெரும்பாலும் தன்னார்வலர்கள். நன்கொடையை நம்பி நடக்கும் ஹைக்கூ அமைப்பு 2021இலிருந்து ஒருவருக்கு முழுநேர ஊதியம் கொடுத்து வருகிறது.

ஆர்1 சீக்கிரம் வர வேண்டும் என்பது என் ஆசை. ‘இது ஆர்2வுக்கு’ என்று ஒதுக்கி வைத்த யோசனைகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கின்றன. பழையதோடு ஒத்துப்போகும் கடன் ஆர்1இல் தீர்ந்தால்தான் அவற்றில் கைவைக்க முடியும். இப்போதே பலவும் தயார்: லிப்ரேஆபீஸ் ஓடுகிறது. வைஃபை டிரைவர்களில் பல ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்துவிட்டன. ஆனால் கிராஃபிக்ஸ் அட்டைகளின் முழு வேகம் பெரும்பாலான கணினிகளில் இன்னும் எட்டவில்லை. அதற்காகவும் முதல் பதிப்பை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

அதுவரை பொறுக்காதவர்கள் ஐந்தாம் பீட்டாவை இலவசமாக இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, வட்டில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். 384 எம்பி நினைவகமுள்ள பழைய கணினியே போதும்.