ஃபைலையே திறக்காமல் டிஸ்க்கில் எழுதும் மொழி தெரியுமா?

ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட கம்ப்யூட்டர் மொழி ஒன்று ஆஸ்பத்திரியில் பிறந்தது தெரியுமா? அதன் பெயர் 'எம்'. பழைய பெயர் மம்ப்ஸ். பிறந்த இடம் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. 1966, 67 வாக்கில் டாக்டர் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகத்தில் நீல் பாப்பலார்டோவும் கூட்டாளிகளும் பிடிபி-7 என்ற கம்ப்யூட்டரில் இதை உருவாக்கினார்கள். 1977-ல் அமெரிக்கத் தர நிர்ணய முத்திரையும் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளி விவரம் இன்றைக்கும் இதன் வாரிசுகளின் கையில்தான் இருக்கிறது!

இதில் தகவலைச் சேமிக்க ஃபைலே திறக்க வேண்டாம், தெரியுமா? மாறியின் பெயருக்கு முன்னால் ^ என்று ஒரு குறி போட்டால் போதும். அந்த மாறி நினைவகத்தில் நிற்காமல் டிஸ்க்குக்குப் போய்விடும். நிரல் முடிந்த பிறகும் இருக்கும். பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் நர்சுக்கும் தெரியும். நோயாளி எண், அதற்குள் பரிசோதனை, அதற்குள் தேதி என்று கிளை கிளையாக அடுக்கிக்கொண்டே போகலாம். அழிப்பதும் அதே சுளுவு: 'கில்' என்று எழுதி அந்தப் பெயரைக் கொடுத்தால் மரம் முழுக்க வேரோடு காலி. 'நிச்சயமா?' என்று கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது!

அப்படியானால் ஃபைல் எதற்கு? வெளியுலகத்துக்கு! பில் பட்டியலை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும், பதிவேட்டைச் சாதாரண டெக்ஸ்ட்டாக எடுக்க வேண்டும் என்றால்தான் ஃபைல் வேலை வரும். அங்கேயும் ஒரு வேடிக்கை. எம்-முக்கு ஃபைல், பிரிண்டர், டேப், டெர்மினல் எல்லாம் ஒரே ஜாதி, எல்லாமே 'டிவைஸ்'. ஓபன் போட்டுப் பிடி, யூஸ் போட்டுத் திரும்பு, ரைட் போட்டு எழுது, க்ளோஸ் போட்டு விடு. நான்கையும் முதல் எழுத்தாலேயே சுருக்கி எழுதலாம். பழைய நிரல்களைப் பார்த்தால் கிறுக்கெழுத்து மாதிரிதான் இருக்கும்.

இந்த யூஸ் இருக்கிறதே, அதுதான் குறும்புக்காரக் கட்டளை. ரைட் கட்டளைக்கு 'எந்த ஃபைலில்' என்று சொல்லும் இடமே இல்லை, தெரியுமா? கடைசியாக எந்த டிவைசுக்கு யூஸ் போட்டீர்களோ அங்கேதான் எழுத்து போகும். ஃபைலில் மூன்று வரி எழுதிவிட்டு, 'அடுத்த நோயாளி எண்?' என்று பயனரைக் கேட்கிறீர்கள். திரையில் ஒன்றும் வராது. கேள்வி சமர்த்தாக ஃபைலின் நான்காம் வரியில் போய் உட்கார்ந்திருக்கும்! அடுத்து வரும் ரீட் கட்டளையும் பதிலை விசைப்பலகையிடம் கேட்காது, ஃபைலிடமே கேட்கும். நடுவில் யூஸ் போட்டு $பிரின்சிபல் என்ற சொந்த டெர்மினலுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

வரி முடிந்தது என்று சொல்ல எம்-மில் என்ன எழுத வேண்டும் தெரியுமா? வெறும் ஆச்சரியக்குறி! மேற்கோளுக்கு வெளியே ஒரு ! போட்டால் அடுத்த வரி, # போட்டால் அடுத்த பக்கம், ?20 போட்டால் அந்த வரியிலேயே இருபதாம் இடம். (அப்படிப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் ஆச்சரியக்குறிகளுக்குக் காகிதம் பற்றாது.)

ஓபன் கட்டளைக்குக் கெடு வைக்கலாம் தெரியுமா? பலருக்கு ஒரே டேப், ஒரே பிரிண்டர் என்றிருந்த காலத்து ஏற்பாடு. பின்னால் :5 என்று எழுதினால் ஐந்து விநாடி காத்திருக்கும். கிடைத்ததா இல்லையா என்று $டெஸ்ட் ஒன்றோ பூஜ்யமோ காட்டும். கெடு வைக்காவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

புதிதாக எழுதவா, பழையதன் வாலில் சேர்க்கவா என்று ஓபனில் சொல்லும் விதத்தைத் தர விதிகள் எம்-மைத் தயாரிக்கும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. இன்டர்சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் எம் ஓரிரண்டு எழுத்தில் முடித்துக்கொள்கிறது. ஜிடி.எம் என்ற இன்னொரு எம்-மில் புதிதாக எழுத 'நியூவெர்ஷன்' என்ற சொல். ஆனால் அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால் அதன் பெயரோடு தேதி, நேரத்தைச் சேர்த்து ஒதுக்கி வைத்துவிடும், அழிக்காது. எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, ஃபைலின் தலையில் தேதி போட $ஹோரோலாக் என்று கேட்டால் என்ன வரும் தெரியுமா? காற்புள்ளி போட்ட இரண்டு எண்கள்! இரண்டாவது, நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகள். முதலாவது, 1840 டிசம்பர் 31-லிருந்து எண்ணிய நாட்கள். ஏன் 1840? இந்தக் கணக்கை வகுத்த காலத்தில் அமெரிக்காவில் 121 வயதான உள்நாட்டுப் போர் வீரர் ஒருவர் இருந்ததாகப் படித்த நினைவில், அந்த வயதுக்காரர் வந்தாலும் பிறந்த தேதி அடங்க வேண்டும் என்று வகுத்தவர் தேர்ந்தெடுத்த ஆண்டாம். அந்தக் கணக்கில் 2000 ஜனவரி 1 என்பது 58074. ஆறாவது இலக்கம் தேவைப்படுவது 2114-ல்தான்!