சாவி போடும் முன் பாருங்கள்

“வண்டி கொள்ளாம் அண்ணாச்சி, ஒரு டாக்டர் ஓட்டினது” என்று பழைய சொகுசு எஸ்.யூ.வி.யைக் காட்டி புரோக்கர் சொன்னதும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடாதீர்கள். விடியற்காலையில், யாரும் சாவி போடும் முன் போய்ப் பாருங்கள். வண்டி ஒரு மூலையில் தாழ்ந்து நின்றால், ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிகிறது என்று சந்தேகப்படலாம். ரேஞ்ச் ரோவர், ஆடி க்யூ7 மாதிரியான எஸ்.யூ.வி.கள் பலவற்றில் எஃகுச் சுருளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. வயதானால் ரப்பர் விரிசல் விடும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, கம்ப்ரசரும் கருகும். இன்ஜின் ஓடினால் சற்று நேரத்தில் வண்டி நிமிர்ந்துகொள்ளும். புரோக்கர் பதினொரு மணிக்கு வரச்சொல்வது உங்கள் வசதிக்காக மட்டும் இருக்காது.

குளிர்ந்த இன்ஜின் இன்னொன்றையும் சொல்லும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1, எக்ஸ்3 பழைய டீசல் வண்டிகளில் வந்த என்47 இன்ஜினில் டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் பின்பக்கம் கரகரவென்று கேட்டால் விலகிவிடலாம். செயினை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும். பழைய வண்டியின் விலை பாதாளத்துக்கு இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது.

இப்படி மலிவாகக் கிடைப்பதற்கு டெல்லியும் ஒரு காரணம். பத்து வயதைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. அங்கே ஓட்ட முடியாதவை வெளிமாநிலங்களுக்கு விற்பனைக்கு வந்தன. கேரள வண்டி என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பதிலை நம்பாமல் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். இத்தகைய வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் சில சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். நனைந்தவை மாதங்கள் கழித்துக்கூடப் படுத்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் நின்ற வண்டியைப் பட்டறையில் தூக்கி அடிப்பாகத் துருவையும் பார்த்துவிடுங்கள். உப்புக் காற்று வெள்ளத்தைவிட மெதுவாகத்தான் தின்னும், ஆனால் விடாது.

வெளிமாநில வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடுமானால் மறுபதிவும் செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். பேரம் பேசும்போது பலர் இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள். மார்த்தாண்டத்தில் ஆயில் மாற்றிவிடலாம். கம்பெனி ஸ்கேனர் கேட்கும் கோளாறு என்றால் திருவனந்தபுரம்வரை வண்டியை ஏற்றிப்போகும் வாடகையையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.