உங்களுக்குத் தெரியுமா? கிள்ளானில் பெரிய வெள்ளி வேலை நாள்!

கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸில் பெரிய வெள்ளியன்று ஊரே அடங்கிவிடும். மலேசியாவில் அன்று விடுமுறை சபா, சரவாக் மாநிலங்களுக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு நாடு முழுக்க விடுமுறை, தைப்பூசத்துக்கும் கோலாலம்பூர், சிலாங்கூரில் விடுமுறை. பெரிய வெள்ளிக்கு மட்டும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் சிலாங்கூரின் கிள்ளானிலும் உள்ள கத்தோலிக்கத் தமிழர் லீவு போட்டுவிட்டுத்தான் சிலுவைப் பாதைக்கு வரவேண்டும். நோன்பிருந்தபடியே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களை மெச்சத்தான் வேண்டும்!

கிள்ளானின் லிட்டில் இந்தியாவான ஜாலான் தெங்கு கிளானாவில், புடவைக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த அந்தத் தெருவிலேயே, லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. 1928-இல் கட்டி முடிக்கப்பட்ட கோதிக் பாணிக் கட்டடம் இது. 1858-இல் அன்னை காட்சி தந்ததாக நம்பப்படும் பிரான்சின் லூர்து நகரத் திருத்தலமே இதற்கு முன்மாதிரி.

2020 கணக்கெடுப்பின்படி, மலேசியர்களில் எல்லாக் கிறிஸ்தவப் பிரிவினரும் சேர்ந்தே 9.1 விழுக்காடுதான். ஆனால் மொழிக்குக் குறைவில்லை: கத்தோலிக்க வார இதழ் ‘ஹெரால்ட்’ ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் அச்சாகி வந்திருக்கிறது.